பதினாறு வயதுப் பையனுக்கு ஒரு உச்சவரம்பு

2017 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானி என்ற ஜப்பானிய பேஸ்பால் வீரர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தார். வயது 23. பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். இரண்டிலும் முதல் தரம். கையெழுத்துப் போட்டதற்கு அவருக்குக் கிடைத்த போனஸ் 23 லட்சத்து 15 ஆயிரம் டாலர்.

நல்ல தொகை தானே என்று தோன்றலாம். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்னால், 2014 ஜனவரியில், மசாஹிரோ தனாகா என்ற இன்னொரு ஜப்பானிய வீரருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணி 7 வருடத்துக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தது. தனாகா பந்து மட்டும் தான் வீசுவார். இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் திறமை அல்ல, ஒரு விதி. 25 வயது ஆகாத வெளிநாட்டு வீரர் யாராக இருந்தாலும், அவருக்கான பணம் ஒவ்வொரு அணிக்கும் அளந்து ஒதுக்கப்பட்ட ஒரு சின்ன நிதியிலிருந்து தான் வர வேண்டும் என்ற விதி. தனாகாவுக்கு வயது 25. ஓட்டானிக்கு 23. அவ்வளவு தான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஓட்டானியை விட்டுக் கொடுத்ததற்கு அவருடைய பழைய அணியான நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸுக்குக் கிடைத்தது 2 கோடி டாலர். அதாவது ஆடப் போகிறவரை விட அனுப்பி வைத்தவருக்கு எட்டு மடங்குக்கு மேல்!

ஓட்டானிக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணியுடன் 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஆனால் அந்த விதி ஓட்டானிக்காக எழுதப்பட்டதல்ல. டொமினிக்கன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் இருக்கிற 16 வயதுப் பையன்களுக்காக எழுதப்பட்டது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது ஒப்பந்தம் என்ற ஒன்று வாழ்க்கையில் வருவதே இல்லை. அதனால் தான் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு வாசல்கள்

மேஜர் லீக் பேஸ்பாலுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு.

அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்களுக்கு 'டிராஃப்ட்'. அணிகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். எந்த அணி எடுத்ததோ அந்த அணியோடு தான் பேச வேண்டும். மற்ற நாட்டுப் பையன்களுக்கு டிராஃப்ட் கிடையாது. 16 வயதாகிவிட்டால், 30 அணிகளில் யாருடன் வேண்டுமானாலும் ஒப்பந்தம் போடலாம். முன்பெல்லாம் ஜூலை 2 அன்று இந்தச் சந்தை திறக்கும். 2021-லிருந்து ஜனவரி 15.

கேட்பதற்கு இரண்டாவது வாசல் தான் சுதந்திரமானது மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் அப்படித் தான் இருந்தது. யார் எவ்வளவு கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகலாம்.

இந்தச் சந்தையின் தலைநகரம் டொமினிக்கன் குடியரசு. 30 மேஜர் லீக் அணிகளுக்கும் அங்கே பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. 2024 சீசன் தொடங்கிய நாளில் மேஜர் லீக் அணிகளில் இடம்பெற்றிருந்த டொமினிக்கன் வீரர்கள் நூறு பேருக்கு மேல். அமெரிக்காவுக்கு வெளியே வேறு எந்த நாடும் கிட்டே வரவில்லை.

அந்த ஊர்ப் பள்ளிகளில் அமெரிக்கா மாதிரி பேஸ்பால் அணிகள் வழியாக ஆள் எடுப்பது இல்லை. அந்த வேலையைச் செய்பவர்கள் 'புஸ்கோன்' எனப்படும் தனியார் பயிற்சியாளர்கள். பையனுக்கு 11, 12 வயதிலேயே ஆளைப் பிடித்து, சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, காலையும் மாலையும் பயிற்சி கொடுப்பார்கள். பையன் கையெழுத்துப் போடும் நாளில் போனஸில் பங்கு. பொதுவாக 30 சதவீதம் வரை, சில நேரம் அதற்கும் மேல். வணிகவியல் பாஷையில் சொன்னால், அவர்கள் முதலீட்டாளர்கள். பையன் தான் சரக்கு. பள்ளிக்கூடம் அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

இந்தச் சந்தை சுத்தமானது என்று யாரும் சொல்லவில்லை. 2006-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 16 வயது என்று நம்பி 14 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த ஒரு டொமினிக்கன் பையனின் பெயரும் பொய், வயதும் பொய் என்று 2009-ல் தெரிய வந்தது. உண்மையில் அவருக்கு நான்கு வயது கூட. ஆக, ஒழுங்குபடுத்த வேண்டிய விஷயங்கள் நிறைய இருந்தன. அவற்றில் எதை முதலில் ஒழுங்குபடுத்தினார்கள் என்பது தான் கேள்வி. விலையை.

முதல் பூட்டு

2011-ல் அணி முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் முதல் பூட்டு விழுந்தது. 2012-ல் ஒவ்வொரு அணிக்கும் வெளிநாட்டுப் பையன்களுக்காக 29 லட்சம் டாலர். அடுத்த வருடங்களில், முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு அதிகம், நன்றாக ஆடிய அணிக்குக் குறைவு என்று மாறியது.

ஆனால் இந்தப் பூட்டுக்கு ஒரு சாவியும் விட்டு வைத்தார்கள். வரம்பைத் தாண்டலாம். தாண்டினால் அபராத வரி. ரொம்பத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் வரி, கூடவே அடுத்த இரண்டு வருடம் எந்தப் பையனுக்கும் 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது.

கணக்குத் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து என்ன செய்வார்கள்? தாண்டுவதென்று முடிவெடுத்தால், கொஞ்சமாகத் தாண்டக் கூடாது. முழுகுவது முழுகியாச்சு, சாண் என்ன முழம் என்ன? ஒரே வருடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டு வருடம் சும்மா இருந்துவிட வேண்டியது தான். அது தான் நடந்தது.

2015-ல் யோவான் மொன்காடா என்ற 19 வயது கியூபா பையனுக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3.15 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. அதே அளவு வரி. மொத்தம் 6.3 கோடி. 2016-17 காலகட்டத்தில் சான் டியேகோ பாட்ரெஸ் அணி வரியோடு சேர்த்து 7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. பாட்ரெஸ் ஒன்றும் யாங்கீஸ் மாதிரி பணக்கார ஊர் அணி அல்ல என்பதைக் கவனியுங்கள்.

பாஸ்டனுக்கு லாபமா நஷ்டமா? மொன்காடா பாஸ்டனுக்காக ஆடியது எட்டே ஆட்டங்கள். 2016 டிசம்பரில் அவரையும் இன்னும் மூன்று இளைஞர்களையும் கொடுத்து கிறிஸ் சேல் என்ற பந்துவீச்சாளரை வாங்கினார்கள். 2018 உலகத் தொடரில் கடைசி ஆளை அவுட் ஆக்கி, கோப்பையை வாங்கிக் கொடுத்தது அந்தச் சேல் தான். 6.3 கோடி வீண் போகவில்லை.

அதே பாஸ்டன் தண்டனைக் காலத்தில் என்ன செய்தது தெரியுமா? ஒரு பையனுக்கு 3 லட்சத்துக்கு மேல் கொடுக்க முடியாது. சரி, ஒரே ஆளின் கையில் இருக்கும் நாலைந்து பையன்களை மொத்தமாக எடுத்து, ஆளுக்கு 3 லட்சம் கொடுத்து, உள்ளுக்குள் அந்தப் பணத்தை நட்சத்திரப் பையன் பக்கம் தள்ளிவிட்டால்? அப்படி ஒரு பொட்டல வியாபாரம் நடந்ததாக 2016-ல் லீக் முடிவு கட்டியது. ஐந்து பையன்களின் ஒப்பந்தம் ரத்து. ஒரு வருடம் புதிய வெளிநாட்டுப் பையன்களை எடுக்கத் தடை.

இரண்டாவது பூட்டு

அணி முதலாளிகள் 2016 ஒப்பந்தத்தில் சாவியையே தூக்கி எறிந்துவிட்டார்கள். வரி, அபராதம் எதுவும் இல்லை. வரம்பு என்றால் வரம்பு. 2017-18-ல் அணிக்கு 47.5 லட்சம் டாலர், சின்ன ஊர் அணிகளுக்கு 52.5 அல்லது 57.5 லட்சம். வேறு அணியிடமிருந்து ஒதுக்கீட்டை வாங்கிக் கொள்ளலாம், அதற்கும் ஒரு அளவு உண்டு. 10 ஆயிரம் டாலரும் அதற்குக் கீழும் உள்ள போனஸ் மட்டும் கணக்கில் வராது. அதுவரை 23 வயதானவர்களுக்கு விலக்கு இருந்தது. அதை 25 ஆக்கினார்கள். ஓட்டானி மாட்டியது இதில் தான்.

அவன் கோலத்தில் பாய்ந்தால் இவன் தடுக்கில் பாய்வான் என்று சும்மாவா சொன்னார்கள்? 2017 நவம்பரில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் குட்டு வெளிப்பட்டது. சில பையன்களுக்கு வெளியில் ஒரு தொகையைக் காட்டி, வேறு பையன்கள் பெயரில் கூடுதல் பணத்தை அனுப்பியிருந்தார்கள். பொது மேலாளர் ஜான் கொப்போலெல்லாவுக்கு ஆயுள் தடை (2023-ல் நீக்கப்பட்டது). 13 பையன்கள் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 42.5 லட்சம் டாலருக்கு எடுக்கப்பட்ட வெனிசுவேலாவின் கெவின் மைத்தான்.

இரண்டு அணிகளும் செய்தது தப்பு தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. இந்த 'ஊழல்' எல்லாவற்றின் சாராம்சம் என்ன? பையன்களுக்கு அதிகப் பணம் கொடுக்கப் பார்த்தது! அரசாங்கம் விலையைக் கட்டினால் கள்ளச் சந்தை வரும் என்று முதல் வருடப் பொருளாதாரப் பாடத்திலேயே வருகிறதே, அதே கதை.

விலை நின்றால் போட்டி எங்கே போகும்?

இங்கே தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. விலைக்கு உச்சவரம்பு வைத்தால் போட்டி நின்றுவிடாது. வேறு பாதை தேடும். இந்தச் சந்தையில் அது மூன்று பாதைகளில் போயிருக்கிறது.

முதல் பாதை, வயது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்று அணிக்கு முன்கூட்டியே ஓரளவு தெரியும். விலையில் முந்த முடியாது. அப்படியென்றால் நாளில் முந்து. அதனால் 14, 13 வயதிலேயே வாய் வார்த்தையாக ஒப்பந்தம் பேசி முடித்துவிடுகிறார்கள். சில சமயம் 12-லேயே. விதிப்படி இது கூடாது. ஆனால் ஜனவரி 15 காலையில் வெளிவரும் பெயர்ப் பட்டியல் எல்லாம் வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டது என்பது ஊரறிந்த ரகசியம்.

இதில் அடி வாங்குவது இரண்டு பேர். ஒருவன், 13 வயதில் பேசி முடிக்கப்பட்ட பையன். அவன் கையில் காகிதம் எதுவும் இல்லை. 15 வயதில் தோளில் காயம் பட்டாலோ, அணியில் அதிகாரி மாறினாலோ, பேசிய பேச்சு காற்றோடு போச்சு. அதற்குள் மற்ற அணிகளும் தங்கள் பணத்தை வேறு பையன்களுக்குப் பேசி முடித்திருக்கும். இன்னொருவன், தாமதமாக வளர்கிற பையன். 17, 18 வயதில் தான் உடம்பு தேறி, பந்து வேகமாகப் போக ஆரம்பிக்கிறது என்றால், அவனுக்கு மிச்சமிருப்பது சில்லறை தான்.

இரண்டாவது பாதை, செலவழிக்கும் அனுமதிக்கே ஒரு சந்தை. 2017-ல் ஓட்டானிக்காக சியாட்டில் மாரினர்ஸ் அணி வீரர்களைக் கொடுத்து, இரண்டு அணிகளிடமிருந்து தலா 10 லட்சம் டாலர் ஒதுக்கீட்டை வாங்கியது. அடுத்த சில நாட்களுக்குள் அவர் ஏஞ்சல்ஸிடம் போய்விட்டார்.

2025 ஜனவரியில் நடந்தது இன்னும் தமாஷ். ரோக்கி சசாகி என்ற 23 வயது ஜப்பானியப் பந்துவீச்சாளர் வந்தார். 2022-ல் ஒரு எதிரணி ஆட்டக்காரரைக் கூட முதல் தளத்துக்கு விடாமல் ஒரு முழு ஆட்டத்தையும் வீசியவர். அதில் 19 பேர் ஸ்ட்ரைக் அவுட். அவரைப் பிடிக்க டொரான்டோ புளூ ஜேஸ், கிளீவ்லாண்ட் அணியிடமிருந்து 20 லட்சம் டாலர் ஒதுக்கீட்டை வாங்கியது. அதற்கு விலை? மைல்ஸ் ஸ்ட்ரா என்ற வீரரையும் அவருடைய மிச்சச் சம்பளத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். கிளீவ்லாண்ட் திருப்பிக் கொடுத்த பணம் போக, சுமார் 1 கோடி டாலர் சுமை. முந்தைய சீசனின் பெரும்பகுதியை மைனர் லீக்கில் கழித்தவர் ஸ்ட்ரா. செய்தி வந்த அதே நாளில் சசாகி டாட்ஜர்ஸில் சேருவதாக அறிவித்தார் :)

சிரிப்பது இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் டாலர் செலவழிக்க அனுமதி வாங்க, ஒரு அணி 1 கோடி டாலர் சுமையை ஏற்கத் தயாராக இருந்தது. ஸ்ட்ராவும் ஓரளவு பயன்படுவார் என்று அதில் ஒரு பகுதியைக் கழித்தாலும், மிச்சம் பெரிய தொகை. அந்த மிச்சம் தான் பூட்டின் உண்மையான விலை. அது எந்தப் பையனுக்கும் போகவில்லை. கிளீவ்லாண்ட் முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குப் போனது.

மூன்றாவது பாதை, வசதி. எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலை தான் கொடுக்க முடியும் என்றால், வீரர் வேறு எதைப் பார்ப்பார்? எந்த ஊர், எந்த அணி ஜெயிக்கிறது, எங்கே விளம்பர வருமானம் வரும், பக்கத்தில் யார் ஆடுகிறார்கள். இதெல்லாம் யாரிடம் இருக்கிறது? பணக்கார அணியிடம். ஓட்டானியை எடுத்ததற்குத் தண்டனையாக டாட்ஜர்ஸின் ஒதுக்கீட்டில் 10 லட்சம் டாலர் வெட்டப்பட்டு, 2025-ல் அவர்கள் கையில் இருந்தது 51.46 லட்சம். சின்ன அணிகளிடம் 75.55 லட்சம் வரை. இருந்தும் சசாகி போனது டாட்ஜர்ஸுக்கு. வேறு அணிகளுக்கு இளம் வீரர்களைக் கொடுத்து ஒதுக்கீட்டைக் கூட்டிக்கொண்டு, 65 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கடைசி மூன்றில் நின்ற மற்றவை பாட்ரெஸும் புளூ ஜேஸும். ஏழை அணி ஒன்று கூட இல்லை.

இதனால் யார் பாதிக்கப்பட்டார்கள்? டாட்ஜர்ஸிடம் வாய் வார்த்தையை நம்பிக் காத்திருந்த டொமினிக்கன் பையன்கள். அணியின் ஒதுக்கீடு மொத்தமும் சசாகிக்குப் போனதால், கடைசி நேரத்தில் அவர்கள் வேறு அணியைத் தேட வேண்டியதாயிற்று. சிலருக்குக் கிடைத்தது. ஜப்பானில் நான்கு சீசன் தொழில்முறையாக ஆடிய ஒருவரும், பதினாறு வயது நிரம்பிய பையனும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஏழை அணிகளுக்காகவா?

"வரம்பு இல்லாவிட்டால் யாங்கீஸும் டாட்ஜர்ஸும் எல்லாப் பையன்களையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்." இது தான் வரம்பை ஆதரிப்பவர்களின் வாதம். ஒதுக்கித் தள்ளக் கூடிய வாதம் அல்ல. மொன்காடாவைப் பிடித்தது பாஸ்டன் தானே, ஓக்லண்ட் இல்லையே.

ஆனால் அதே ஓக்லண்ட் 2008-ல் என்ன செய்தது? சிக்கனத்துக்குப் பேர் போன அந்த அணி, மைக்கேல் இனோவா என்ற 16 வயது டொமினிக்கன் பந்துவீச்சாளருக்கு 42.5 லட்சம் டாலர் கொடுத்தது. இனோவா காயங்களில் சிக்கி ஓக்லண்டுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம் கூட ஆடவில்லை, அது வேறு விஷயம். சூதாட்டம் என்றால் தோற்கவும் செய்யும். கவனிக்க வேண்டியது, அந்தச் சூதாட்டம் ஓக்லண்டுக்குக் கட்டுப்படியானது என்பது. பெரிய நட்சத்திரத்தை ஏழை அணியால் வாங்க முடியாது. அதற்குக் கோடிக்கணக்கில் வேண்டும். பையன்கள் சந்தை தான் விளையாட்டிலேயே மலிவான கடை. ஏழை அணி துணிந்து செலவழித்து முந்தக்கூடிய ஒரே இடம். அந்த இடத்திலேயே 'இதற்கு மேல் செலவழிக்காதே' என்று பூட்டுப் போட்டுவிட்டு, உனக்காகத் தான் செய்தோம் என்றால் எப்படி?

இந்த மலிவுக் கடையில் எவ்வளவு லாபம் என்று பாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி ஃப்ராம்பர் வால்டெஸையும் கிறிஸ்டியன் ஹாவியரையும் ஆளுக்கு 10 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. வால்டெஸுக்கு அப்போது 21 வயது, இந்தச் சந்தையில் கிழவர் மாதிரி. 2022 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில், ஹாவியர் ஆறு இன்னிங்ஸ் வீசித் தொடங்கி வைக்க, அணியின் நான்கு பந்துவீச்சாளர்கள் சேர்ந்து எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்கவில்லை. கோப்பையை முடித்து வைத்த ஆறாவது ஆட்டத்தில் வென்ற பந்துவீச்சாளர் வால்டெஸ். அட்லாண்டாவின் ரொனால்ட் அகுன்யா 1 லட்சம் டாலர். ஹூஸ்டனின் ஹோசே அல்டூவே 15 ஆயிரம் டாலர். இருவரும் தங்கள் லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர்கள்.

இவர்களுக்கு வரம்பினால் பணம் குறைந்தது என்று சொல்லவில்லை. அல்டூவே வரம்பு வருவதற்கு முன்பே வந்தவர். யார் தேறுவார் என்று 16 வயதில் யாருக்கும் தெரியாது. அதனால் தான் பணத்தை முன்கூட்டியே கட்டிப் போடுவது முட்டாள்தனம். தேடிப் பார்க்கிற அணிக்கு, தாமதமாகக் கண்டுபிடித்த பையனுக்கும் கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டும்.

ஊரார் வீட்டு நெய்

இப்போது அடிப்படைக் கேள்வி. இந்த வரம்புக்கு யார் சம்மதித்தார்கள்?

வீரர்கள் சங்கம். விளையாட்டு உலகிலேயே பலமான தொழிற்சங்கங்களில் ஒன்று. முதலாளிகள் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தபோது, 1994-ல் வேலை நிறுத்தம் செய்து, அந்த வருட உலகத் தொடரே நடக்காமல் போனாலும் பரவாயில்லை என்று நின்ற சங்கம். அந்தப் போராட்டத்தின் பலன், 2016 ஒப்பந்தத்திலும் 2022 ஒப்பந்தத்திலும் மேஜர் லீக் வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வரவில்லை. ஒரு அளவைத் தாண்டினால் வரி மட்டும். அதனால் தான் 2024 டிசம்பரில் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுக்க முடிந்தது. அதே சோட்டோ 2015-ல் டொமினிக்கன் பையனாக வந்தபோது வாங்கியது 15 லட்சம்.

தனக்கு உச்சவரம்பு வேண்டாம் என்று உலகத் தொடரையே பலி கொடுத்த சங்கம், 16 வயதுப் பையன்களுக்கு உடைக்க முடியாத உச்சவரம்பு போடச் சம்மதித்தது. ஏன்? அந்தப் பையன்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் அல்ல. ஓட்டு கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் சார்பில் நாற்காலி கிடையாது. ஊரார் வீட்டு நெய்யே, தன் பெண்டாட்டி கையே!

2025-ல் 30 அணிகளின் வெளிநாட்டு ஒதுக்கீடு மொத்தத்தையும் கூட்டினால் சுமார் 20 கோடி டாலர். சோட்டோ என்ற ஒரே ஆளின் ஒப்பந்தத்தில் கிட்டத்தட்ட நான்கு வருடத்துப் பையன்கள் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். சோட்டோ வாங்கியது அதிகம் என்பதல்ல வாதம். ஜெயித்துக் காட்டினார், வாங்கினார். ஆனால் விளையாட்டின் செலவுகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் கண்ணில் பட்டது மிகச் சின்னச் செலவு. எதிர்த்துப் பேச ஆள் இல்லாத செலவு.

டிராஃப்ட் தீர்வா?

"அப்படியானால் வெளிநாட்டுப் பையன்களுக்கும் டிராஃப்ட் வைத்துவிடலாமே" என்பது லீகின் யோசனை. எந்த அணி எடுக்கும் என்று தெரியாதபோது, 13 வயதில் யார் வாய் வார்த்தை பேசப் போகிறார்கள்? இதில் நியாயம் இருக்கிறது. வயதை நோக்கி ஓடும் போட்டிக்கு அது நிஜமாகவே கடிவாளம் போடும்.

2022-ல் இதைப் பற்றி இரு தரப்பும் பேசின. லீக் ஒரு வருடத்து டிராஃப்டுக்கு 19.1 கோடி டாலர் என்றது. சங்கம் 26 கோடி கேட்டது. ஜூலை 25 கெடுவுக்குள் ஒத்து வரவில்லை. டேவிட் ஒர்ட்டிஸ் போன்ற டொமினிக்கன் நட்சத்திரங்களும் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் போர்ட்டோ ரிக்கோ. அந்தத் தீவு 1990-ல் டிராஃப்டுக்குள் வந்தது. அதற்கு முன்பு ஐவன் ரோட்ரிகஸ் போல 16 வயதில் சுதந்திரமாகக் கையெழுத்துப் போட்டவர்கள் அங்கே உண்டு. டிராஃப்ட் வந்த பிறகு, பையனை வளர்த்துவிட யாருக்கும் ஆர்வமில்லாமல் போனது, அணிகளும் கூடாரத்தைக் காலி செய்தன என்ற மனக்குறை அங்கே இன்னும் தீரவில்லை.

டிராஃப்டிலும் விலை மேலிருந்து தான் நிர்ணயிக்கப்படும். அதோடு, யாரிடம் போவது என்று முடிவு செய்யும் உரிமையும் போய்விடும். இருக்கிற ஒரே சுதந்திரத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பெயர் சீர்திருத்தம் என்றால் ஏற்பது கஷ்டம்.

செய்யக் கூடியவை

2022-ல் போட்ட ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரை. புதிய ஒப்பந்தம் எழுதும்போது மூன்று சின்ன மாற்றங்கள் போதும். புரட்சி எல்லாம் வேண்டாம்.

ஒன்று, விலக்கு வயதை மறுபடி 23-க்குக் கொண்டு வர வேண்டும். ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் தொழில்முறை லீகில் ஆடியவர்களின் பணம் பையன்களின் ஒதுக்கீட்டிலிருந்து வரக் கூடாது. சசாகிக்கு உரியதை அணி தன் சொந்தப் பையிலிருந்து கொடுக்கட்டும்.

இரண்டு, வாய் வார்த்தைக்கு ஒரு காகிதம். 15 வயதுக்குக் கீழே பேசினால் அணிக்கு அபராதம். 15-க்கு மேல் பேசினால், லீக் அலுவலகத்தில் எழுத்தில் பதிவு. அணி பின்வாங்கினால் பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அச்சாரம் வாங்கிக்கொண்டு ஆடு மாடு விற்கிற சந்தையில் கூட இந்த மரியாதை இருக்கிறது.

மூன்று, 2012 பூட்டைத் திரும்பக் கொண்டு வாருங்கள், கொஞ்சம் திருத்தி. தாண்டலாம், தாண்டினால் வரி. இரண்டு வருடத் தடை வேண்டாம், அது தான் ஒரே வருடத்தில் அள்ளச் சொல்லித் தூண்டியது. பணக்கார அணிக்கு வரி விகிதம் அதிகம், ஏழை அணிக்குக் குறைவு. அந்த வரிப் பணம் கையெழுத்துப் போட்டும் மேலே போக முடியாத பையன்களின் படிப்புக்கு. 12 வயதில் பள்ளியை விட்டு, 20 வயதில் அணியிலிருந்து அனுப்பப்பட்டு, கையில் சான்றிதழும் இல்லாமல், வேறு தொழிலும் தெரியாமல் ஊருக்குத் திரும்புகிற பையன்கள் தான் இந்த விளையாட்டில் பெரும்பான்மை.

இதற்கெல்லாம் முதலாளிகள் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார்கள். சங்கம் மனது வைக்க வேண்டும். அந்தச் சங்கத்தில் இன்று எத்தனையோ டொமினிக்கன், வெனிசுவேலா வீரர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் அந்தப் பதினாறு வயதுப் பையன்கள். மேசையில் அவனுக்கு நாற்காலி இல்லை என்பது அவர்களை விட வேறு யாருக்குத் தெரியும்? நாற்காலி கொடுக்க முடியாவிட்டால், குறைந்தபட்சம் அவன் தட்டில் இருப்பதை எடுத்து வேறொருவனுக்குப் பரிமாறுவதையாவது அவர்கள் நிறுத்தலாம்.